பெரியப்பா சாகக் கூடாது

இந்த அறைக் கண்ணாடியைத் துடைக்கிறவர் ஈரத்துணியால் துடைக்கிறார் என்று நினைக்கிறேன். ஓரத்தில் கோடு கோடாக நிற்கிறது. உலர்ந்த துணியை வட்டமாக ஓட்டினால் நிற்காது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேடம். இதே மாதிரி ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இத்தனை காலமும் சம்பளம் வாங்கினேன், அதனால் கண் தானாக அங்கே போகிறது. அந்தப் பக்கம் இருட்டாகவும் இந்தப் பக்கம் வெளிச்சமாகவும் இருந்தால்தான் அங்கே இருப்பவர் இங்கே தெரியமாட்டார். உங்கள் ஆள் அங்கே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் டீ ஆற்றிக் குடிப்பது எனக்கு நிழலாகத் தெரிகிறது.

வக்கீல் வேண்டுமா என்று நேற்றே கேட்டீர்கள். வேண்டாம். நேற்று நானாக நடந்து வந்ததே என் தங்கைக்காகத்தான். பெரிய டாக்டர் இறந்த மதியம் அந்த வார்டில் ட்யூட்டி பார்த்த நர்ஸ் அவள். அலாரம் அடித்தும் அலட்சியமாக இருந்தாள் என்று ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு உங்களிடம் புகாரும் கொடுத்திருக்கிறது. அவள் அலட்சியமாக இல்லை. கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தாள். கற்றுக்கொடுத்தவன் நான். கெஞ்சுவதற்கு வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. வேலை யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம், அவ்வளவுதான்.

முதலில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு உறவு இல்லை. யாருக்குமே உறவு இல்லை. ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஒரு வார்டு அறையை அச்சு அசலாக அமைத்து வைத்திருக்கிறோம். கட்டில், திரை, மானிட்டர், சுவரில் ஆக்சிஜன் குழாய், ஓரத்தில் கை கழுவும் தொட்டி. கட்டிலில் படுத்திருப்பது ஒரு ரோபோ நோயாளி. ரப்பர் தோல். மார்பு ஏறி இறங்கும். மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும். கண்ணில் டார்ச் அடித்தால் கருவிழி சுருங்கும். மூச்சுத் திணறினால் உதடு நீலம் பாரிக்கும், அதற்கு உள்ளே சின்ன விளக்கு உண்டு. புதிதாகச் சேரும் நர்ஸ்கள் நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் இந்த ரோபோவிடம்தான் தப்புச் செய்து பழக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதன் நாடியையும் மூச்சையும் நான் ஏற்றி இறக்குவேன். மைக்கில் அதற்குப் பதிலாக நானே பேசுவேன்.

பெயர் வந்தது தற்செயலாக. முதல் அணியில் ஒரு பெண் கட்டிலருகே குனிந்து, “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டாள். நான் பெயர் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பேரைக் கேட்டு என்ன பண்ணப்போற? மொதல்ல தலகாணியச் சரி பண்ணு” என்று எரிந்து விழுந்தேன். “அசல் எங்க பெரியப்பா மாதிரியே இருக்காருடீ” என்றாள் அவள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெரியப்பா. லிஃப்டில் என்னைப் பார்த்தால்கூட, “பெரியப்பாவுக்கு இன்னைக்கு என்ன வியாதி சார்?” என்றுதான் கேட்பார்கள். லீவு கிடைக்காத பெண்கள் அவர் காதில் மேட்ரனைப் பற்றிப் புலம்புவார்கள். அதெல்லாம் என் காதில் விழும் என்று தெரிந்தேதான் புலம்பினார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து. அங்கே அலமாரிகளுக்கு நடுவே தானாக ஓடிப் பெட்டி எடுத்து வரும் ரோபோ வண்டிகள் உண்டு. அவற்றைப் பழக்குவது என் பொறுப்பு. நிஜக் கிடங்கில் ஓடவிட்டுப் பழக்க முடியாது, அலமாரி எல்லாம் சரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் அதே கிடங்கை உண்டாக்கி, அதில் வண்டியை விட வேண்டும். சரியாகப் போனால் மதிப்பெண் ஏறும். முட்டினால் குறையும். ஓயாமல் முட்டி மோதித்தான் அது வழி கற்றுக்கொள்ளும். ஒரு தடவை வண்டி பின்பக்கமாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஏனென்று பார்த்தால், முட்டுவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்பக்கமாகப் போனால் எத்தனை முட்டினாலும் மதிப்பெண் குறையாது. அலமாரி தூள் தூளாகிறது, வண்டிக்கு மதிப்பெண் எகிறுகிறது. கூட வேலை பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டி முட்டாள் இல்லை. மதிப்பெண்ணை ஏற்றச் சொன்னோம், அது ஏற்றியது. என் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் அந்த வண்டிக்குள் இருந்தது. மனிதர்களின் கைகளும் அப்படித்தான் பழகும் என்பதை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆரம்பத்தில் பெரியப்பா சாவார். தப்புச் செய்தால் சாவார், தயவு தாட்சண்யம் கிடையாது. மார்பு நின்றுவிடும். மானிட்டர் ஒரே சீராக ஊளையிடும். பயிற்சிக்கு வந்த பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். என் தங்கைக்கும் அதுதான் நடந்தது. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவள் முதல் நாள் பயிற்சியில் நான் ஆக்சிஜன் அளவைக் குறைத்தேன், அலாரம் அடித்தது. அவள் ஓடிவந்து பெரியப்பாவின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பைக் கழற்றி மாட்டினாள், மானிட்டரைத் தட்டினாள், ஒயரை ஆட்டினாள். ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உதடு நீலமாகிக் கொஞ்ச நேரத்தில் அவரை நான் சாகவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “தங்கச்சின்னுகூடப் பாக்கலையாண்ணா நீ?”

“பெரியப்பாவுக்கு நீ யாருன்னு தெரியாது பாப்பா” என்றேன். “அலாரம் அடிச்சா மொதல்ல மூஞ்சியப் பாரு. மார்ல கை வச்சு மூச்சு வருதான்னு பாரு. மெஷினெல்லாம் அப்புறம்.”

அதை அவள் மறக்கவே இல்லை. வார்டுக்குப் போன பிறகு அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அலாரம் அடித்தால் அவள் கை நேராக நோயாளியின் மார்புக்குத்தான் போகும், கண் முகத்துக்குத்தான் போகும். எங்களுக்கு அந்த நர்ஸையே போடுங்கள் என்று நோயாளிகளின் வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இப்போதும் உண்டு, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

பெரிய டாக்டரைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டேன். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் பயிற்சிக்கும் அவர்தான் தலைவர். கிடங்கில் வண்டி பழக்கிக்கொண்டிருந்தவனை நம்பி வேலை கொடுத்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணின் கையில் பெரியப்பா வரிசையாகச் செத்தார். அவள் வேலையை உதறிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பெரிய டாக்டரின் அறைக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறார். அந்த வாரக் கூட்டத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “இனிமே பெரியப்பா சாகக் கூடாது. பிள்ளைங்களுக்குத் தைரியம் குடுக்கத்தான் பயிற்சி. பயமுறுத்த இல்ல.”

நான் எழுந்து, “சார், இங்க செத்தாத்தான் அங்க பொழைப்பாங்க” என்றேன்.

அவர் என் தோளில் கை போட்டார். “நீ பொம்மைக்குக் குரல் குடுக்கிறவன்ப்பா. உயிர் குடுக்கிற வேலைய எங்களுக்கு விடு.”

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ்கள், இளம் டாக்டர்கள், கதவோரம் நின்ற துப்புரவுப் பணியாளர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். சுருக்கென்று பட்டது உண்மைதான், மனிதன்தானே. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செய்தான் என்று உங்கள் ஆள் எழுதிவிடப் போகிறார். அப்படி எழுத வேண்டாம். அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

சாகக் கூடாது என்றார், நான் சாகவிடவில்லை. உத்தரவை நான் மீறினேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இனி என்ன செய்தாலும் பெரியப்பா பிழைப்பார். அப்படியானால் எதைச் செய்தால் பிழைக்கிறார் என்று அந்தக் கைகள் தேடும் இல்லையா? அதை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். விரல் கிளிப்பைத் தேர்ந்தெடுத்தேன். வார்டுகளில் அது நிஜமாகவே அடிக்கடி நழுவும், சும்மாவே அலாரம் அடிக்கும், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. அலாரம் அடித்ததும் கிளிப்பைத் தொட்டால் அளவு உடனே ஏறும். பெரியப்பா கண்ணைத் திறந்து, “நல்லாத்தான் இருக்கேம்மா, நீ போயி உன் வேலையப் பாரு” என்பார். முகத்தைப் பார்த்து மார்பில் கை வைத்தால் அளவு இன்னும் இறங்கும், அலாரம் இன்னும் உரக்க அலறும், பெரியப்பா முனகுவார். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசினால்தான் கேள்வி வரும்.

ஒரு அணி போய் அடுத்த அணி வந்தது. பழைய நர்ஸ்களும் மறுபயிற்சிக்கு வந்து போனார்கள். கொஞ்ச நாளில் அந்த அறையில் யாரும் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே வருவார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே கிளிப்பைச் சரி செய்வார்கள், போவார்கள். பெரிய டாக்டர் வெளியூர் விருந்தினர்களை அழைத்து வந்து, “எங்க பொண்ணுங்க கையில ஒரு உயிர்கூடப் போகாது” என்று காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். இருட்டில் உட்கார்ந்து நானும் மெல்லக் கைதட்டினேன்.

அப்படியானால் வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் யாரும் இன்னும் இதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது, மேடம். அந்த மாதங்களில் அலாரங்கள் அடித்திருக்கும். சிலதில் கிளிப் நிஜமாகவே நழுவியிருக்கும், சிலதில் இல்லை. வீட்டுக்குத் திரும்பாதவர்களின் சொந்தக்காரர்கள் போகும்போது நர்ஸ்களின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனதை நானே வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யார், எந்த ஊர் என்று நான் விசாரித்ததில்லை. முகம் தெரியாதவர்களை நான் எப்படிக் கொன்றிருக்க முடியும்? அதை என் கணக்கில் சேர்ப்பது நியாயம் இல்லை.

பிறகு பெரிய டாக்டர் ஒரு நாள் என் கண்ணாடி அறைக்கே வந்தார். வழக்கமாக வர மாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“பித்தப்பையில கல்லுப்பா. எடுத்துரணும்கிறாங்க. நம்ம ஆஸ்பத்திரியிலயே பண்ணிக்கிறேன். வேற எடத்துக்குப் போனா, நம்ம பொண்ணுங்களை நானே நம்பலைன்னு ஆயிரும்.”

“சின்ன ஆபரேஷன்தானே சார்” என்றேன்.

“ஆமா. ஆனா உன் தங்கச்சியத்தான் ட்யூட்டியில போடச் சொல்லியிருக்கேன்.” குரலைத் தாழ்த்தினார். “ரவுண்ட்ஸ் போறப்ப பாக்குறேன்ல. அவ ஒருத்திதான் இன்னும் நோயாளி மூஞ்சியப் பாக்குறா. மத்ததுங்க எல்லாம் கிளிப்பையே நோண்டிக்கிட்டு இருக்குதுங்க. நீ அன்னைக்குச் சொன்னது சரிதானோன்னு தோணுதுப்பா. ஆபரேஷன் முடியட்டும். உக்காந்து பேசி, பழையபடி மாத்திருவோம்.”

ஆமாம், மேடம். சொன்னார். நீங்கள் அப்படி நிமிர்ந்து பார்க்க வேண்டாம், இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. நான் சொன்னதுதான் சரி என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கே ஒப்புக்கொண்டார் என்பதையும் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டு அறையில், என் ஒருவனிடம். அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தால் விஷயம் வேறு. அதுவும் போக, உட்கார்ந்து பேசி மாற்றினால் யாருக்கு என்ன புரியும்? பெரிய டாக்டர் ஒரு நல்ல முடிவு எடுத்தார் என்பார்கள். எனக்கு அது போதுமா என்று கேட்காதீர்கள். உண்மைக்கு அது போதாது.

அவருடைய ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் இருந்தன. தங்கையை மறுபயிற்சிக்கு அழைத்தேன்.

“எனக்கெதுக்குண்ணா? உன் பெரியப்பாவை எனக்கு நல்லாத் தெரியுமே” என்று சிரித்தாள்.

“எல்லாருக்கும் உண்டு பாப்பா. அண்ணன் தங்கச்சின்னு விட்டுட்டேன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது.”

வந்தாள். முதல் அலாரத்துக்கு அவள் கை பெரியப்பாவின் மார்புக்குப் போயிற்று. அங்கே யாராவது கை வைத்தால் என் திரையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மற்ற யாருக்கும் அந்தப் புள்ளி எரிந்து வெகுகாலமாகிவிட்டது. நான் அளவை இறக்கினேன். அவள் கையை எடுக்கவில்லை, குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள். அலாரத்தை உரக்க அலறவிட்டேன். “பெரியப்பா, என்னப் பாருங்க, மூச்சை நல்லா இழுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் தங்கையைப் பற்றி ஒருவன் இதைவிடப் பெருமைப்பட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறக்கினேன்.

கெட்ட பழக்கத்தை மாற்றுவது எளிது. நல்ல பழக்கத்தை மாற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். அவளை அடிக்கடி வரச் சொன்னேன். வீட்டில் சாப்பிடும்போது, “பெரியப்பா ரொம்ப மாறிட்டாருண்ணா. மூஞ்சியப் பாத்தாலே கோவிச்சுக்கிறாரு” என்பாள். “வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருப்பாரு” என்பேன். சிரிப்பாள். அப்புறம் ஒரு நாள் சிரிக்காமல் கேட்டாள்: “நான்தான் எங்கயோ தப்புப் பண்றேனாண்ணா? மத்தவங்க கையில எல்லாம் ஒடனே சரியாயிடுது. எங்கிட்ட மட்டும் ஏன் இறங்குது?” அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் வழிக்கு வருகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “நீ ரொம்ப யோசிக்கிற பாப்பா, கை போற எடத்துக்கு விட்டுரு” என்றேன்.

விட்டுவிட்டாள். அடுத்த பயிற்சியில் அலாரம் அடித்ததும் அவள் கை பாதி தூரம் மார்பை நோக்கிப் போய், நின்று, திரும்பி, விரலுக்குப் போயிற்று. கிளிப்பைத் தொட்டாள். நான் அளவை மளமளவென்று ஏற்றினேன். பச்சைப் புள்ளி எரியவில்லை. மைக்கில், “நல்லாத்தான் இருக்கேம்மா” என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவளுக்கு நான் தெரியமாட்டேன், கண்ணாடிதான் தெரியும். இருந்தாலும் நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

உங்கள் ஆள் இப்போது விளக்கை அணைத்துவிட்டார், பார்த்தீர்களா? சொல்லாமலே கற்றுக்கொள்கிறார். நல்லது.

இனி அந்த மதியம். ஆபரேஷன் காலையில் முடிந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பார்க்கப் போனேன். நேரில் போய்ப் பார்ப்பது மரியாதை. கட்டிலருகே பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலி தெரியாமல் இருக்க மருந்து ஏற்றியிருந்தார்கள், அசந்து தூங்கினார். வராந்தாவில் மருந்து கொண்டு போகும் ரோபோ வண்டி, “தயவுசெய்து வழி விடுங்கள்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நின்றது. அந்த வலி மருந்து சில பேருக்கு மூச்சை மந்தமாக்கும். அது என் கையில் இல்லை. அவருக்கு மந்தமாக்காமல் இருந்திருந்தால் அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார், நானும் வாழ்த்துச் சொல்லியிருப்பேன். அவருடைய மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடியது. உதட்டைப் பார்த்தேன். அந்த நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பாவின் உதட்டு விளக்கை எந்த நிறத்தில் வைப்பது என்று நாள் கணக்கில் உட்கார்ந்து சரி பண்ணியவன் நான். நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கிறது.

அலாரம் அடித்தது. தங்கை பக்கத்துக் கட்டிலிலிருந்து வேகமாக வந்தாள். கை நேராகக் கிளிப்புக்குப் போயிற்று, அதில் பிசகே இல்லை. கழற்றி, துடைத்து, வேறு விரலில் மாட்டினாள். எண் ஒரு கணம் துள்ளியது. அந்தக் கிளிப்புகளை ஆட்டினால் அப்படித் துள்ளும். மறுபடி இறங்கியது. அப்போது அவள் தயங்கினாள். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எவ்வளவு பழக்கியும் அவள் தயங்கினாள். தலை மெல்ல நிமிர்ந்தது. அவருடைய முகத்தைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

நான் சொன்னேன்: “நல்லாத்தான் இருக்காரு பாப்பா.”

மைக் இல்லாமல், என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது போகலாமா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அதே பார்வை. தலையசைத்தேன். அவள் அலாரத்தை நிறுத்திவிட்டு, கூப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் நோயாளியிடம் போனாள். நான் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா? முடிந்த பிறகு எழுந்து வெளியே வந்தேன். வராந்தாவில் ரோபோ வண்டி மறுபடி வழி கேட்டது. சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

கொன்றாயா என்று நேராகக் கேட்டீர்கள். குரல் கொடுத்தேன். அதுதான் என் வேலை, உயிர் கொடுப்பது இல்லை என்று அவரே சபையில் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் கேட்கும் அர்த்தத்தில், ஆம். நான்தான். அந்தக் கட்டிலுக்கு அவர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கி, முழு நினைவோடு, படிப்படியாகச் செய்தேன். மறுபடி அதே நிலைமை வந்தாலும் அதையே செய்வேன். பாருங்கள், இப்போது ஆஸ்பத்திரியில் பெரியப்பா மறுபடி சாக ஆரம்பித்துவிட்டார். புதிய தலைவர் உத்தரவு போட்டிருக்கிறார். யார் சொன்னது சரி என்று இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் தங்கை வாய் திறக்கவில்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் கைதான் தப்புச் செய்தது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்றுக் காலை சமையலறையில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். உன் கையில் குறை இல்லை பாப்பா, அதை மாற்றியவன் நான் என்றேன். அடுப்பை அணைத்தாள். அவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைத்ததற்கு நன்றியை எதிர்பார்த்தேன் என்று இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று காலை, நீங்கள் வருவதற்கு முன்னால் வந்தாள். அனுமதித்ததற்கு நன்றி. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். கண், உதடு, மறுபடி கண் என்று, பெரியப்பாவைப் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தாள். பிறகு எட்டி என் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். கை சில்லென்று இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள் போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

“மொதல்ல மூஞ்சியப் பாருன்னு நீதானேண்ணா சொல்லிக் குடுத்தே” என்றாள். “பாத்துட்டேன்.”

எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதைப் பற்றித்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், மேடம். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன், பழைய பழக்கம் அவளுக்குத் திரும்பிவிட்டது. முதலில் முகம், அப்புறம் மார்பு, வரிசைகூட மாறவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீங்களே சொல்லி அவளைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கை இனித் தவறாது. அதற்கு நான் பொறுப்பு.